மாலிப்டினம் ஆயில் அடிட்டிவ்: சத்தத்துக்கு ஓரளவு, மைலேஜுக்கு மிகக் கொஞ்சம்

என்ஜின் ஆயிலில் கலக்கும் மாலிப்டினம் டைசல்ஃபைடு பாட்டிலில் தரும் வாக்குறுதி இரண்டு: சத்தம் குறையும், மைலேஜ் கூடும். முதலாவது சில வண்டிகளில் பலிக்கும். கருஞ்சாம்பல் நிறத் துகள்கள் உலோகத்தில் படலமாகப் படிந்து உராய்வைக் குறைப்பதால், ஓடித் தேய்ந்த என்ஜினின் கரகரப்பு கொஞ்சம் அடங்கும். மைலேஜ் மாற்றமோ ஃபுல் டேங்க் கணக்கிலும் பிடிபடாத அளவுதான். அதற்கு டயர் காற்றையும் ஏர் ஃபில்டரையும் கவனித்தாலே பலன் அதிகம்.

வாங்குமுன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று கேட்டு, சில விநாடிகளில் நின்றால், ஹைட்ராலிக் லிஃப்டரில் (ஆயில் அழுத்தத்தில் வால்வைத் தள்ளும் பாகம்) ஆயில் வடிந்திருக்கலாம். முதலில் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) அளவைப் பாருங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கையில் கேட்டு, சூடானதும் மறைந்தால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் (புகை வெளியேறும் குழாய் என்ஜினோடு சேரும் இடத்து அடைப்புத் தகடு) கசிவையும் சந்தேகியுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அடியிலிருந்து 'டொக் டொக்' வலுத்தால் பேரிங் போயிருக்கக்கூடும். வண்டியை ஓட்டவே கூடாது, எந்த பாட்டிலும் உதவாது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் என்ஜினில் இன்ஜெக்டர் டிக் டிக் இயல்பு.

ஊற்றுவதாக இருந்தால் ஆயில் மாற்றும்போதே ஊற்றுங்கள். அடிட்டிவ் அளவுக்குப் புது ஆயிலைக் குறைத்து, டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டாமல் நிறுத்துங்கள். மிஞ்சினால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரைக்க வைத்து, லிஃப்டர் சத்தம் கூடும். வெட் கிளட்ச் (என்ஜின் ஆயிலிலேயே நனைந்து இயங்கும் கிளட்ச்) பைக்கில் ஊற்ற வேண்டாம், கிளட்ச் வழுக்கக்கூடும்.

5W-30 ஆயில் கேட்கும் என்ஜினில் அதைவிடக் கெட்டியான 20W-50 ஊற்றிச் சத்தத்தை அமுக்குவது மோசமான வழி; எரிபொருள்தான் கூடுதலாகக் குடிக்கும்.