77 நாளில் நீட் எம்டிஎஸ்: எது உதவியது, எது தண்டம்

2024 ஜூலையில் முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்ததும், பல் மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் எம்டிஎஸ்ஸுக்குத் தயாராக ஆப் ஒன்றுக்கு ஒரு வருடச் சந்தா கட்டினேன். கட்டியதிலேயே பாதி படித்துவிட்ட திருப்தி வந்துவிட்டது போலிருக்கிறது. அடுத்த ஆறு மாதம் அதைத் திறந்தே பார்க்கவில்லை. மாலை 5 மணிக்கு கிளினிக்குப் போனால் ஷட்டர் இறக்க 9 மணி ஆகிவிடும். பகல் முழுக்க சும்மாதான் இருந்தேன், ஆனாலும் உட்காரவில்லை. 2025 பிப்ரவரி 1-ஆம் தேதிதான் புத்தி வந்தது. தேர்வு ஏப்ரல் 19. எண்ணிப் பார்த்தால் 77 நாள்.

இப்போது பெரியோவில், அதாவது ஈறு சிகிச்சைப் பிரிவில், பிஜி முதல் வருடம். சந்தாவும் முடிந்துவிட்டது. எந்த ஆப், எந்தப் புத்தகம் என்று ஜூனியர்கள் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். அதனால் எதை எவ்வளவு பயன்படுத்தினேன், எதில் காசு வீணானது என்று ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

தேர்வு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 240 கேள்வி, 3 மணி நேரம், 960 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 போகும். பார்ட் ஏ-யில் அனாடமி, பிசியாலஜி, பார்மா (மருந்தியல்), டென்டல் மெட்டீரியல்ஸ் மாதிரியான அடிப்படைப் பாடங்கள், 100 கேள்வி, 75 நிமிடம். பார்ட் பி-யில் கிளினிக்கல் பாடங்கள், 140 கேள்வி, 105 நிமிடம். பார்ட் ஏ நேரம் முடிந்தால் முடிந்ததுதான், திரும்பப் போக முடியாது. சீக்கிரம் முடித்துவிட்டாலும் பார்ட் பி-க்குத் தாவ முடியாது.

முதலில் ஆப். கேள்வி வங்கி அருமை, அதில் குறை சொல்ல மாட்டேன். பாடவாரியாகப் பிரித்து, பழைய வருடக் கேள்விகளைத் தனியாக வைத்திருந்தார்கள். கிளினிக்கில் பேஷன்ட் இல்லாத நேரத்தில் பத்துப் பத்தாகப் போட முடிந்தது. ஆனால் வீடியோ வகுப்புகளை நம்பி முதல் 9 நாளைத் தொலைத்தேன். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத் தலையாட்டிக்கொண்டே கேட்பேன். எல்லாம் புரிவது போலவே இருக்கும். மறுநாள் அதே பாடத்தில் 30 கேள்வி போட்டால் 13 சரி. கல்லூரியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆறு மாதம் கையில் இருப்பவர்கள் வீடியோ பார்க்கலாம். இரண்டரை மாதத்துக்கு அது ஆகாது.

இன்னொரு குறை, விடைகள். மரத்துப்போகப் போடும் லிக்னோகெய்ன் மருந்தை அட்ரினலினோடு சேர்த்துப் போட்டால் அதிகபட்ச அளவு என்ன என்ற கேள்வி அந்த ஆப்பில் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்றில் உடல் எடை கிலோவுக்கு 7 மில்லிகிராம், இன்னொன்றில் 4.4. பாடப்புத்தகத்தின் பழைய பதிப்பைப் பார்த்து ஒருவர், புதியதைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். புகார் அனுப்பினேன், 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் குழப்பம் எனக்கு நல்லதுதான் செய்தது. அன்று சாயங்காலம் ஒரு அண்ணனுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் எடுக்க பிளாக் (நரம்பை மரக்கவைக்கும் ஊசி) போட்டுவிட்டு, உதடு மரத்துப்போகக் காத்திருந்தேன். அந்த ஐந்து நிமிடத்தில் கிளவுஸ் டப்பா அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். இரண்டு சதவீதம் என்றால் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம். ஆள் 60 கிலோ. அட்ரினலினோடு 7 வீதம் 420 மில்லிகிராம், அதாவது 21 மில்லி. அட்ரினலின் இல்லாமல் 4.4 வீதம் 264, சுமார் 13 மில்லி. நான் போட்டிருந்ததோ இரண்டு மில்லி. "டாக்டர், என்ன எழுதுறீங்க, பில்லா?" என்று அண்ணன் பாதி மரத்த வாயோடு கேட்டார். அதற்கப்புறம் அந்த எண்களை நான் மறந்ததே இல்லை. பார்மாவில் பாதியை இப்படி நாற்காலிப் பக்கத்தில் நின்றுதான் படித்தேன். கிளினிக்கை விட்டுவிட்டு வீட்டில் உட்காரட்டுமா என்று கேட்பவர்களிடம், விட வேண்டாம் என்றுதான் சொல்வேன். நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், போதும்.

அடுத்து, எல்லோர் அறையிலும் செங்கல் கனத்தில் அடுக்கியிருக்குமே, அந்த கைடு மூன்று தொகுதி. சீனியர் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். மெட்டீரியல்ஸுக்கும் டென்டல் அனாடமிக்கும் நன்றாக உதவியது. ஜிங்க் பாஸ்பேட் சிமென்ட்டைக் குளிர்ந்த கண்ணாடிப் பலகையில் ஏன் கலக்கிறோம் என்பதெல்லாம் இரண்டாம் வருட லேபில் செய்ததுதான். கலக்கும்போது சூடு கிளம்பும், பலகை அதை வாங்கிக்கொண்டால் இறுகக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். கைடில் அதை ஒரு வரியில் பார்த்ததும் லேப் வாசனையே வந்துவிட்டது. மூன்றாம் தொகுதியை நான் சரியாகப் பிரிக்கக்கூட இல்லை. குறைந்த நாளில் மூன்றையும் முடிக்கப் பார்க்காதீர்கள். அளவு சிறியதாகவும் கேள்வி அதிகமாகவும் வரும் பாடங்களை முதலில் எடுங்கள். பொது அனாடமியை நான் கடைசிக்குத் தள்ளினேன், பாதிதான் முடிந்தது. அதற்காக இன்றும் வருத்தமில்லை.

இந்தக் கதையில் உண்மையான கதாநாயகன் பக்கத்துக் கடையில் வாங்கிய கோடு போட்ட 200 பக்க நோட்டுதான். தப்பான கேள்வி ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி: இடப்பக்கம் நான் எதைத் தேர்ந்தெடுத்தேன், ஏன், வலப்பக்கம் சரியான விடை. மூன்று வாரம் கழித்துப் புரட்டியபோதுதான் தெரிந்தது, என் தப்புகளில் மூன்றில் ஒரு பங்கு தெரியாததால் வந்ததே இல்லை. 'இவற்றுள் எது அல்ல' என்பதில் அந்த 'அல்ல'-வைக் கவனிக்காமல் விட்டதால் வந்தது! அதற்கு மருந்து படிப்பு இல்லை. அந்த வார்த்தை வந்தால் திரையில் அதன் மேல் விரலை வைத்துவிட்டுத்தான் விடைகளைப் பார்ப்பது என்று பழகினேன்.

மாக் டெஸ்ட், அதாவது மாதிரித் தேர்வு, எட்டு எழுதினேன். முதலாவதில் பயந்துபோய் 31 கேள்வியை விட்டுவிட்டேன். ராத்திரி உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலே, நான்கு கேள்விக்குச் சராசரியாக 4 வரும், 3 போகும். ஒரு மதிப்பெண் லாபம்தான். ஒரு விடையாவது நிச்சயமாகத் தப்பு என்று தெரிந்தால் லாபம் இன்னும் கூடும். அதற்கப்புறம் எதையும் காலியாக விடவில்லை. ஆனால் ஆப்பின் மாக் டெஸ்டில் 180 நிமிடமும் ஒரே ஓட்டம், பார்ட் பிரிவே கிடையாது. அதனால் சமையலறை டைமரை 75 நிமிடத்துக்கு வைத்துக்கொண்டு, மணி அடித்ததும் முதல் 100 கேள்விப் பக்கம் திரும்புவதில்லை என்று நானே விதி வைத்துக்கொண்டேன். ஒரு கேள்விக்கு 45 விநாடி. முதல் இரண்டு முறை பார்ட் ஏ-யில் பதினைந்து கேள்வி மிச்சம் நின்றது.

டெலிகிராம் குழுக்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 'தேர்வு தள்ளிப்போகுமாம்' என்று வாரத்துக்கு ஒரு வதந்தி. மார்ச் நடுவில் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறினேன்.

யாரும் சொல்லித்தராத ஒன்று, மூக்குத்தி. நகை எதுவும் கூடாது, மூக்குத்தியும் சேர்த்து. என்னுடையது ஒன்பது வருடமாக இறுகிப்போன திருகாணி. தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் அம்மா முணுமுணுத்துக்கொண்டே ஆசாரியிடம் கூட்டிப்போனார். கழற்ற இருபது நிமிடம் ஆனது, கண்ணில் தண்ணீர். ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி செருகிவிட்டார்கள். சென்டர் வாசலில் சோதனை செய்த அக்கா டார்ச் அடித்துப் பார்த்து, "இது என்னம்மா?" என்றார். குச்சிதான் என்றேன். சிரித்துவிட்டு, அதையும் எடுக்கச் சொன்னார். பெண்பிள்ளைகளே, ஒரு வாரம் முன்னாலேயே கழற்றிவிடுங்கள்.

ரேங்க் கேட்காதீர்கள். நான் ஆசைப்பட்டது ஆர்த்தோ, அதாவது பல் வரிசையைச் சீராக்கும் பிரிவு, அதற்குப் போதவில்லை. கவுன்சிலிங் இரண்டாம் சுற்றில் பெரியோ கிடைத்தது, பிடித்தும் போய்விட்டது.

சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. கைடு மூன்றையும் அடுத்த பேட்ச் பையன் ஒருவனுக்குப் பாதி விலைக்குக் கொடுத்தேன். நோட்டையும் கேட்டான், புரட்டிக் காட்டினேன். ஒரு பக்கம் பார்த்துவிட்டு, "அக்கா, இது இங்கிலீஷா தமிழா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.