எஸ்டி-லிங்க் செத்தால்: பழுது பார்ப்பதா, நகல் வாங்குவதா, பிகோவா?

தைப்பூசக் காவடி மொரீசியஸில் பொது விடுமுறை. ரோஸ் ஹில்லில் கடை தேடி அலைய வழியில்லாத அந்த நாளில்தான் அக்காள் மகளின் நியூக்ளியோ-64 (எஸ்டிஎம்32 சில்லு பொருத்திய பயிற்சி போர்டு) கணினிக்குத் தெரியாமல் போனது. கிரியோலில் நாலு வசை பாடினாள்; சில்லில் நிரலை ஏற்றவும் பிழை தேடவும் உதவும் எஸ்டி-லிங்க் மசியவில்லை.

போர்டிலேயே உள்ள எஸ்டி-லிங்க்கை மீட்கச் செலவில்லை. ஆகவே அதில்தான் தொடங்கினோம். அதன் எல்டி1 விளக்கு சிவப்பாக மெதுவாக மின்னிக்கொண்டே இருந்தால், கணினியோடு பேச்சே தொடங்கவில்லை என்று பொருள். டிரைவரைத் திரும்பத் திரும்ப நிறுவுவது வீண். முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். பழைய ஸ்பீக்கரோடு வந்த மினி-பி கேபிளில் மின்சாரக் கம்பிகள் மட்டும் இருக்கலாம், தரவுக் கம்பிகள் இல்லாமல் போகலாம். விளக்கு நிலையாக எரிந்தும் சில்லு அகப்படாவிட்டால் கோளாறு வேறு: எஸ்டி-லிங்க்கைச் சில்லோடு இணைக்கும் சிஎன்2 ஜம்பர்கள் (சிறு இணைப்பு மூடிகள்) கழன்றிருக்கலாம். நாங்கள் மூன்று கேபிள்களையும் இரண்டு கணினிகளையும் மாற்றிப் பார்த்தோம். அதே மெதுவான மினுக்கல்.

அடுத்தது, குச்சி வடிவத்தில் வரும், எஸ்டி-லிங்க் வீ2-வின் மலிவு நகல். நிரல் ஏற்றப் பழகிய எஸ்டி மென்பொருளான கியூப்-புரோகிராமரையே வைத்துக்கொள்ளலாம் என்பது இதன் பலம். ஆனால் கால்களின் வரிசை நகலுக்கு நகல் மாறும். ஓட்டில் அச்சிட்டிருப்பதை நான் நம்புவதில்லை. போர்டு அனுப்பும் செய்திகளைக் கணினியில் படிக்க உதவும் சீரியல் போர்ட்டும் கிடையாது. தீவுக்கு அஞ்சலில் வந்து சேரும்வரை காத்திருக்கவும் வேண்டும். வேறு நிறுவனத்தின் பிழைதேடும் கருவியான ஜே-லிங்க்குக்கும் அதே காத்திருப்புதான்.

மேசை இழுப்பறையில் ராஸ்பெர்ரி பை பிகோ என்ற சிறு போர்டு ஒன்று கிடந்தது. பூட்செல் பொத்தானை அழுத்தியபடி செருகினால் டிஸ்க்காகத் தெரியும். டீபக்-புரோப் என்ற நிரலின் யூஎஃப்2 கோப்பை அதில் போட்டால் டீபக்கர் (பிழைதேடும் கருவி) தயார், சீரியல் போர்ட்டும் கூடவே வரும். பிகோவின் ஜிபி2 காலை நியூக்ளியோவின் பிஏ14-க்கும், ஜிபி3-ஐ பிஏ13-க்கும், கிரவுண்டைக் கிரவுண்டுக்கும் இணைத்து, சிஎன்2 ஜம்பர்களைக் கழற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை!

ஒரு மணி நேரத்தை விழுங்கிய பிறகே காரணம் புரிந்தது. யூ.எஸ்.பி. வழியாக மின்சாரம் எடுக்கும்போது, எஸ்டி-லிங்க் கணினியிடம் கேட்டு இசைவு பெற்ற பிறகுதான் சில்லு இருக்கும் மற்ற பாதிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும். அது செத்துவிட்டதால் நல்ல சில்லும் பட்டினி. போர்டின் யூ.எஸ்.பி.யை உருவி, ஜேபி1-இல் ஜம்பர் இல்லை என்பதை உறுதிசெய்து, மின்சாரம் வரும் வழியைத் தேர்ந்தெடுக்கும் ஜேபி5 ஜம்பரை ஈ5வி (வெளி 5 வோல்ட்) பக்கம் மாற்றி, பிகோவின் விபஸ் காலிலிருந்து ஈ5வி காலுக்கு 5 வோல்ட் கொடுத்தோம். மின்சாரம் வந்ததைக் காட்டும் எல்டி3 விளக்கு எரிந்தது, பிகோவோடு பேசும் கணினி மென்பொருளான ஓப்பன்-ஓசிடி சில்லைக் கண்டுகொண்டது.

பிகோவிலும் குறை உண்டு. கியூப்-புரோகிராமர் அதை ஏற்காது. ஓப்பன்-ஓசிடி கட்டளைகளைப் பழகத்தான் வேண்டும், முதல் நாள் எரிச்சலாக இருக்கும். எஸ்டபிள்யூஓ தடமும் (ஓடும் நிரல் தனிக் காலில் அனுப்பும் தகவல்) வராது. அது இல்லாமல் முடியாது என்பவர் நகலைத் தேடாமல் அசல் எஸ்டி-லிங்க்கையே வாங்கட்டும். மற்றவர்களுக்கு என் வாக்கு பிகோவுக்குத்தான்.