அயர்லாந்தின் பங்குக் கோவில் பதிவேடுகள்: இலவசப் படமா, கட்டணத் தேடலா?

1864க்கு முன் அயர்லாந்தில் பிறந்த ஒரு கத்தோலிக்கருக்கு அரசுப் பிறப்புப் பதிவு கிடையாது. அவரை முன்னோராகத் தேடுபவருக்குப் பங்குக் கோவிலின் (ஒரு பாதிரியாரின் பொறுப்பில் உள்ள வட்டாரமே பங்கு) ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும்தான் கதி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் கைகொடுக்காது. 1821 முதல் 1851 வரையிலான தாள்களில் பெரும்பகுதி, 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகத்தோடு எரிந்தது. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அழித்துவிட்டது. முழுதாக மிஞ்சியவற்றில் பழையவை 1901, 1911 கணக்கெடுப்புகள். அதே தீயில் ஆங்கிலிக்கத் திருச்சபைப் பதிவேடுகளும் ஏராளமாகப் போயின. கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்குத்தந்தையின் பொறுப்பில் ஊரிலேயே இருந்ததால் தப்பின.

இன்று அவற்றைப் பார்க்க மூன்று வழிகள் உண்டு. அயர்லாந்து தேசிய நூலகம் 2015 ஜூலையில் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்ட மைக்ரோஃபிலிம் (பக்கங்களைச் சிறிதாக்கிப் பதித்த படச்சுருள்) படங்கள் முதலாவது. அந்தப் படங்களை வைத்தே 2016இல் ஃபைண்ட்மைபாஸ்ட், ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளித் தேடல் நிறுவனங்கள் வெளியிட்ட பெயர்ப் பட்டியல் இரண்டாவது. மாவட்ட வம்சாவளி மையங்கள் உள்ளூரில் படியெடுத்ததைத் தொகுத்துச் சந்தா வாங்கித் தரும் ரூட்ஸ் அயர்லாந்து தளம் மூன்றாவது. என் ஓட்டு மூன்றாவதற்கு. ஆனால் முதலாவதில் சரிபார்க்காமல் அதை நம்பக் கூடாது.

முன்னோர் கெர்ரி, டப்ளின் நகரம், கார்க்கின் தெற்கு, மேற்குப் பகுதிகளைச் சேர்ந்தவர் என்றால் இந்த ஒப்பீடே தேவைப்படாது. அந்தப் பகுதிகளின் பதிவுகளை அரசின் ஐரிஷ் ஜீனியாலஜி தளம் பெரும்பாலும் இலவசமாகவே தருகிறது. அங்கேயே தொடங்குங்கள்.

மற்ற மாவட்டங்களுக்கு வருவோம். நூலகப் படங்களுக்குச் செலவில்லை, பதிவு செய்துகொள்ளக்கூட வேண்டாம். ஆனால் பெயரை அடித்துத் தேட முடியாது. மறைமாவட்டம் (ஓர் ஆயரின் கீழுள்ள பங்குகளின் தொகுதி), பங்கு, பதிவேடு, ஆண்டு, மாதம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்து, பக்கம் பக்கமாகக் கண்ணால் மேய வேண்டும். ஆண்டுக்கு 150 ஞானஸ்நானம் நடந்த பங்கில் பத்தாண்டைப் பார்ப்பதென்றால் 1500 வரிகள். பங்கு எதுவென்று உறுதியாகத் தெரிந்திருந்தால் இது இரண்டு மாலை வேலை. மாவட்டம் மட்டும் தெரிந்தால் முடியவே முடியாது. எனவே பட்டியல் தேவை, யாருடைய பட்டியல் என்பதுதான் கேள்வி. விலையையும் வசதியையும் விட, குடும்பப்பெயரின் எழுத்துக்கூட்டலை அந்தப் பட்டியல் எப்படிக் கையாள்கிறது என்பதே இதைத் தீர்மானிக்கிறது.

19ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரே எழுத்துக்கூட்டல் என்ற எண்ணமே இல்லை. பெற்றோரில் பலருக்கு எழுதத் தெரியாது. சொன்னது பங்குத்தந்தையின் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே பதிவானது. ஒரே தம்பதியின் ஐந்து பிள்ளைகள் மூன்று விதமான குடும்பப்பெயரில் இருப்பது சாதாரணம். இதிலும் வகைகள் உண்டு. எளியது, முன்னொட்டு உதிர்வது. 1850இல் சல்லிவன் என்று ஞானஸ்நானம் பெற்றவர் 1911 கணக்கெடுப்பில் ஓ'சல்லிவன் ஆகியிருப்பார். ஐரிஷ் மொழியையும் பண்பாட்டையும் மீட்க முயன்ற கேலிக் மறுமலர்ச்சிக் காலத்தில் பலர் விட்டுப்போன ‘ஓ’வை மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்தது, ஒலி ஒன்றாகவே இருக்க முதலெழுத்து மாறுவது. கவனா என்ற பெயரை ‘கே’யில் தொடங்கியும் எழுதுவார்கள், ‘சி’யில் தொடங்கியும் எழுதுவார்கள்.

ஒலி ஒத்த பெயர்களைச் சேர்த்துக் காட்டும் சவுண்டெக்ஸ் முறையை மட்டும் நம்பும் தேடல்கள் சறுக்குவது இங்கேதான். அது முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மீதி மெய்யொலிகளை எண்ணாக மாற்றும். ரெய்லிக்கு ஆர்-400 என்றால் ஓ'ரெய்லிக்கு ஓ-640. கவனாவின் இரு வடிவங்களுக்கும் கே-152, சி-152. குடும்பம் ஒன்றே, இயந்திரத்துக்கு அவை வேறு வேறு பெயர்கள்.

மூன்றாவது வகைதான் கடினமானது, மொழிபெயர்ப்பு. ஐரிஷில் ‘கொல்லன் மகன்’ என்று பொருள்படும் மக் அன் கவன் ஓரிடத்தில் மகவன் ஆனது. கேவன் மாவட்டத்தில் பெரும்பாலும் ஸ்மித் ஆனது. ‘பாட்ரிக்கின் அடியார் மகன்’ என்ற ஐரிஷ் பெயர் ஃபிட்ஸ்பாட்ரிக் ஆனது. எந்த வைல்டுகார்டும் (தெரியாத எழுத்துகளுக்குப் பதிலாகப் போடும் குறி) மகவனைத் தேடப்போய் ஸ்மித்தைக் கொண்டுவராது. உள்ளூரில் அந்தப் பெயர் எப்படி வழங்கியது என்ற அறிவு ஒன்றே இங்கே உதவும்.

ரூட்ஸ் அயர்லாந்து முந்துவதும் இந்த இடத்தில்தான். அதன் படியெடுப்பு மாவட்ட மையங்களில் நடந்தது. ஒரு பங்கில் எந்தக் குடும்பப்பெயர்கள் உண்டு, எந்த டவுன்லேண்டுகள் (ஊரின் சிறு நிலப்பிரிவுகள்) உண்டு என்று அறிந்தவர்கள், பல இடங்களில் மூலப் பதிவேட்டையே முன்னால் வைத்துப் படித்தார்கள். குடும்பப்பெயரைத் தேடும்போது அதன் மாறுவடிவங்களும் சேர்ந்தே வருகின்றன. பெரிய நிறுவனங்களின் பட்டியலோ கறுப்பு வெள்ளை மைக்ரோஃபிலிமைப் பார்த்து, ஊரறியாதவர்கள் எடுத்தது. பழைய கையெழுத்தில் இரட்டை ‘எஸ்’ஸின் முதல் பாதி ‘எஃப்’ போல நீளும். ராஸ் என்ற பெயர் ராஃப்ஸ் ஆகிவிடும். பெரிய ‘எல்’லும் ‘எஸ்’ஸும் குழம்பும், ‘டி’யும் ‘எஃப்’பும் குழம்பும். முதலெழுத்தே தவறிய பெயரை அதன் பிறகு அந்தப் பெயரை வைத்துத் தேடினால் எட்டுவது கடினம்.

முதற்பெயரிலும் இதே தொல்லை. பல பதிவேடுகள் லத்தீனில் உள்ளன. ஜேகோபுஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்முஸ் என்றால் வில்லியம், யூஜீனியுஸ் என்றால் ஓவன். ஜேகோபுஸைப் பட்டியல் ‘ஜேகப்’ என்று எழுதிவைத்தால், ஜேம்ஸைத் தேடுபவருக்கு அவர் கிடைக்கமாட்டார். (யாக்கோபு என்ற ஒரே பெயரால் இரண்டையும் குறிக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்தக் குழப்பம் சட்டென்று விளங்கும்.) பெண்களில் ஹொனோரா, நோரா, ஹானோரா மூன்றும் ஒருவரே. பிரிஜிட், பிடி, டீலியா மூன்றும் அப்படித்தான்.

ஆகவே பிள்ளையின் முழுப்பெயரைக் கொடுத்துத் தேடாதீர்கள். முதற்பெயரைக் காலியாக விடுங்கள். குடும்பப்பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்துகளோடு வைல்டுகார்டு போட்டு, தந்தையின் முதற்பெயரையும் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரையும் கொடுங்கள். ஆண்டு வரம்பைப் பத்துப் பதினைந்தாக விரியுங்கள். கத்தோலிக்கப் பதிவேடுகளில் தாய்க்குத் திருமணத்துக்கு முந்தைய பெயர் எழுதப்பட்டிருப்பது பெரிய கொடை. இரண்டு குடும்பப்பெயர்களும் சேர்ந்தே இருப்பதால், ஒன்று சிதைந்தாலும் மற்றது பிடித்துக்கொடுக்கும். தம்பதியின் எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக வந்தால் ஞானப்பெற்றோரின் (ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்பவர்கள்) பெயர்களை ஒப்பிடுங்கள். அவர்கள் பெரும்பாலும் அத்தை, மாமன், சித்தப்பா முறைதான். தலைப்பிள்ளை மட்டும் காணாமல் போனால் தாயின் பங்கில் தேடுங்கள். தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் பார்ப்பது அங்கும் இருந்தது. திருமணமும் பொதுவாகப் பெண்ணின் பங்கில்தான், அதிலும் தவக்காலம் தொடங்குமுன் பிப்ரவரியை ஒட்டி அதிகம்.

ரூட்ஸ் அயர்லாந்தின் பெரிய குறை, அது படத்தைக் காட்டாது. படியெடுத்தவர் தவறினால் அந்தத் தவறு உங்களுக்குத் தெரியவே தெரியாது. தேசிய நூலகப் படம் இந்த இடத்தில் ஈடில்லாதது. ரூட்ஸ் அயர்லாந்து தரும் பங்கையும் தேதியையும் வைத்துக்கொண்டால், மேற்படி 1500 வரி வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். படத்தில்தான் ஓரக்குறிப்புகள் இருக்கும். திருமண வரியின் பக்கத்தில் இரத்த உறவுக்கான விலக்குக் குறிப்பு (உறவினர் மணம்புரியத் திருச்சபை தந்த அனுமதி) இருந்தால் மணமக்கள் சொந்தக்காரர்கள் என்று பொருள். அது ஒரு தலைமுறை தேடலை மிச்சப்படுத்தும். நூலகப் படங்கள் பொதுவாக 1880 வரைதான். அதற்குப் பிந்தைய ஞானஸ்நானங்கள் ரூட்ஸ் அயர்லாந்தில் பல பங்குகளுக்கு 1900 வரை கிடைக்கின்றன.

ஞானஸ்நானத் தேதி அரசுப் பதிவின் பிறந்த தேதிக்கு முந்தியதாக இருந்தால் வேறு பிள்ளை என்று ஒதுக்காதீர்கள். மூன்று மாதம் கடந்து பதிந்தால் அபராதம் என்பதால் பெற்றோர் பிறந்த தேதியைத் தள்ளிச் சொன்னார்கள். கோவில் தேதிதான் நம்பத்தக்கது.

சென்னை ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் ஐரிஷ் சிப்பாயை மூதாதையாகக் கொண்டவர்கள் உண்டு. மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவே 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. இந்தக் குடும்பத்தினர் இந்தியக் கோவில் பதிவை விட ராணுவ விடுவிப்புத் தாளை முதலில் தேடுவது நல்லது. இன்ன பங்கில், இன்ன ஊருக்கருகில், இன்ன மாவட்டத்தில் பிறந்தவர் என்று அதில் இருக்கும். ஆனால் அங்கே சொல்லப்படும் பங்கு பெரும்பாலும் அரசுக் கணக்கின் சிவில் பங்கு. கத்தோலிக்கப் பங்கின் பெயரும் எல்லையும் வேறாக இருக்கலாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் பதிவேட்டைத் திறந்தால், இல்லாத இடத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ரூட்ஸ் அயர்லாந்தின் பக்கம் நான் சாய்வது கத்தோலிக்கப் பதிவேடுகளுக்கே பொருந்தும். வடக்கு மாகாணமான அல்ஸ்டரின் பிரஸ்பிட்டேரியன் (ஒரு புராட்டஸ்டண்ட் பிரிவு) குடும்பங்களுக்கு பெல்ஃபாஸ்டில் உள்ள வட அயர்லாந்து ஆவணக் காப்பகமே முதல் வாசல்; அங்கே கணக்கு மாறும்.

ரூட்ஸ் அயர்லாந்தின் சந்தா நாள், மாதம், ஆறு மாதம், ஆண்டு என்று கிடைக்கிறது. ஒரு மாதம் போதும். பணம் கட்டுமுன் எல்லாப் பெயர்களையும், அவற்றின் மாறுவடிவங்களையும், தாய்வழிக் குடும்பப்பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு வரியையும் பங்கு, தேதி, ஞானப்பெற்றோர் பெயரோடு அன்றன்றே குறித்துக்கொள்ளுங்கள். மாதம் முடிந்தபின் அந்தப் பக்கம் திறக்காது. நூலகப் படம் திறக்கும், கையில் தேதி இருந்தால்.