‘ஆறு கோழிகளுக்கு’ என்று விற்கப்படும் மரக் கூண்டு: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பலகைகளாகப் பிரித்து அட்டைப்பெட்டியில் அனுப்பப்பட்டு, வாங்குபவரே வீட்டில் பூட்டிக்கொள்ளும் வகையைச் சேர்ந்த மரக் கோழிக் கூண்டு ஒன்றை ஓராண்டுக்கு முன் வாங்கினேன். விலை குறைவு என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. நான்கு பெட்டைகள் அதில் ஒரு முழு மழைக்காலத்தைக் கழித்த பிறகு, அதை ஓரமாக நகர்த்திவிட்டு, பழைய பலகைகளைக் கொண்டு நானே வேறொரு கூடு கட்டினேன். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்ததில் தெரியவந்தவற்றையே இங்கே எழுதுகிறேன். விற்ற நிறுவனத்தின் பெயர் தேவையில்லை. நான் பார்த்தவரை இந்த விலையில் கிடைப்பவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போலவே இருக்கின்றன.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். துளைகள் சரியாக இடப்பட்டிருந்ததால், ஒரு திருப்புளியும் ஒரு பகற்பொழுதும் பூட்டுவதற்குப் போதுமானவையாக இருந்தன. எச்சத்தை வாரிக் கொட்ட அடியில் இழுக்கும் தகரத் தட்டு உண்டு; அந்த யோசனையை என் கூட்டுக்கும் வெட்கமின்றி எடுத்துக்கொண்டேன்.

பெட்டியின் மேல் ‘ஆறு கோழிகளுக்கு’ என்று அச்சிட்டிருந்தது. அளவுநாடாவை வைத்துப் பார்த்தால், கோழிகள் அடையும் அறையின் தரை எட்டுச் சதுர அடிகூட இல்லை. நடுத்தர உடலமைப்புள்ள கோழி ஒன்றுக்கு அடையும் அறையில் சுமார் 4 சதுர அடியும், வெளி அடைப்பில் 8 முதல் 10 சதுர அடியும் தேவை என்பது வளர்ப்பவர்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் கணக்கு. அதன்படி இது இரண்டு கோழிகளுக்கான வீடு. பகல் முழுவதும் திறந்துவிடுபவராக இருந்தால் மூன்று எனலாம். நெரிசல் கூடினால் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கத் தொடங்கும். நான் நான்கை விட்டதற்கே மூன்றாம் வாரத்தில் ஒன்றின் வாலடி வெறுமையாகிவிட்டது.

அதைவிட என்னை அதிகம் சிரமப்படுத்தியது காற்றோட்டம். அறையில் இருந்த ஒரே சன்னல், கோழிகள் உட்காரும் கம்பின் உயரத்திலேயே இருந்தது. திறந்தால் தூங்கும் கோழியின் மேல் ஈரக்காற்று நேராக அடிக்கும். மூடினால் எச்சத்திலிருந்து எழும் அமோனியா உள்ளேயே தங்கிவிடும். விடியற்காலையில் கதவைத் திறந்த எனக்கே கண் எரிந்தது என்றால், இரவு முழுவதும் அதன் நடுவே இருந்த பறவையின் மூச்சுக்குழல் என்ன பாடுபட்டிருக்கும்! என் கூட்டில் சன்னலே இல்லை. கூரைக்குச் சற்றுக் கீழே, நீளச் சுவர்கள் இரண்டிலும் ஒரு சாண் அகலத்துக்குப் பலகை அடிக்காமல் விட்டு, அங்கே கம்பி வலையை மட்டும் அடித்தேன். இறவாரம் ஒரு முழம் வெளியே நீண்டிருப்பதால் சாரல் உள்ளே வருவதில்லை, பலகையும் மிச்சம்.

கூண்டோடு வந்த வலை, அறுகோணக் கண்கள் கொண்ட மெல்லிய முறுக்குக் கம்பி. அது கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. நாய் முனைந்தால் கிழித்துவிடும். எலிக் குஞ்சு கண் வழியே நுழைந்துவிடும். அதைச் சட்டத்தோடு பிடித்திருந்ததும் காகிதம் தைக்கும் ஊசியைவிடச் சற்றே தடித்த ஊசிகள்தாம். குறைந்த செலவில் கூடு கட்ட நினைப்பவர் மரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம், வலையில் மட்டும் கூடாது என்பது என் முடிவு. அரை அங்குலக் கண்ணுள்ள, துத்தநாகம் பூசிய, பற்றவைத்த வலையை வாங்கி, அகலமான வாஷர் வைத்துத் திருகாணியால் முடுக்கினேன். கூட்டைச் சுற்றித் தரையில் ஓரடி அகலத்துக்கு அதே வலையை விரித்து மண் போட்டு மூடியதால், தோண்ட வரும் விலங்கு சுவரோரத்தில் வலையில்தான் முட்டிக்கொள்ளும்.

மழை வந்ததும் பலகையின் மெலிவு தெரிந்தது. சுண்டுவிரல் கனம்கூட இல்லாத பலகைகள் முறுக்கிக்கொள்ள, முட்டைப் பெட்டியின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. கீல் இருக்கும் இடுக்கு வழியாகத் தண்ணீர் சொட்டி, வைக்கோலோடு முட்டைகளும் நனைந்தன. கீலின் மேல் பழைய டயர் டியூப் துண்டு ஒன்றை ஆணியடித்துத் தொங்கவிட்ட பிறகே அது நின்றது.

செள்ளைத் தொல்லையை நான் எதிர்பார்க்கவில்லை. ஓர் இரவு டார்ச் அடித்து, உட்காரும் கம்பு சுவரில் செருகியிருந்த இடத்தை நகத்தால் சுரண்டியபோது, சாம்பல் போன்ற தூளோடு சிவந்த புள்ளிகள் நகர்ந்தன. பகலில் இடுக்கில் ஒளிந்து, இரவில் கோழியின் இரத்தத்தைக் குடிக்கும் செள்ளை அது. கம்பைக் கழற்ற வழியில்லாமல் திருகி இறுக்கியிருந்ததால் முழுமையாகச் சுத்தம் செய்ய முடியவில்லை. புதிய கூட்டில் கம்பு இரு பக்கமும் வெட்டிய பள்ளத்தில் வெறுமனே அமர்ந்திருக்கிறது. வாரம் ஒருமுறை தூக்கி வெயிலில் போடுகிறேன். முட்டைப் பெட்டியைவிட அது உயரத்தில் இருப்பதும் அவசியம். இல்லையேல் கோழிகள் பெட்டியிலேயே அடைந்து அதை எச்சமாக்கும்.

பலகைக்குச் சரக்கு ஏற்றும் பேலட்களைப் பிரித்துக்கொண்டேன். அவற்றில் ‘ஹெச்.டி.’ (HT) முத்திரை இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, ‘எம்.பி.’ (MB) இருந்தால் மெதில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் பதப்படுத்தியது, அதைத் தொட வேண்டாம். ஆணிகளைப் பிடுங்குவதில்தான் வேலை அதிகம். முதல் பேலட்டில் பாதிப் பலகைகளை நான் பிளந்தே தீர்த்தேன்.

ஒன்றிரண்டு கோழிகள், கூரையுள்ள இடம், இரவில் விலங்குகளின் நடமாட்டம் இல்லாத சுற்றுப்புறம் என்று இருப்பவர் அந்தக் கூண்டை வாங்கலாம். வலையையும் தாழ்ப்பாளையும் முதல் நாளே மாற்றிவிட வேண்டும். என்னிடம் உள்ளதில் இப்போது ஓர் அடைக்கோழி ஒன்பது முட்டைகளோடு தனியே உட்கார்ந்திருக்கிறது. 21 நாட்களில் இன்றோடு 12 ஆகின்றன, அந்த ஒருத்திக்கு இடம் தாராளமாகவே இருக்கிறது.