ஜப்தி வீட்டின் அபராதத்தைக் குறைத்துத் தருகிறேன் என்று வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

புளோரிடாவில் வங்கி ஜப்தி செய்த வீட்டை வாங்கியிருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் இதை முழுவதும் படியுங்கள். குறிப்பாக, அந்த வீட்டின் மீது நகராட்சி அபராதம் நிலுவையில் இருந்து, "நான் பேசி முடித்துத் தருகிறேன்" என்று யாராவது உங்களிடம் வந்திருந்தால் உடனே படியுங்கள். அப்படி வந்த ஒருவரை நம்பி நான் 3,800 டாலரை இழந்தேன். அவர் பேச்சைக் கேட்டு வாளாவிருந்த 152 நாட்களில் என் அபராதம் 38,000 டாலர் கூடியது.

2021 டிசம்பர் 20 அன்று, புளோரிடாவின் நடுப்பகுதியில் ஒரு சிறிய நகரத்தில் மூன்று படுக்கையறை வீடு ஒன்றை வாங்கினோம். முந்தைய உரிமையாளர் கடன் தவறியதால், நீதிமன்ற ஏலத்துக்குப் பிறகு வீடு வங்கியின் கைக்கே வந்திருந்தது. அதன் பின் ஒன்றரை ஆண்டுக்கு மேல் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. முற்றத்துப் புல் இடுப்பளவு. பின்புற நீச்சல் குளத்தில் தண்ணீர் பாசி படிந்து கரும்பச்சையாக நின்றது. குளத்தைச் சுற்றியிருந்த வேலி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. விலை குறைவு, பழுது பார்த்துக் குடியேறலாம் என்று நினைத்தோம்.

ஊரில் ஒரு சென்ட் நிலம் வாங்கினாலும் முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ் பார்க்காமல் அப்பா முன்பணம் கொடுக்க மாட்டார். அவர் மகன் நான், இங்கே கையெழுத்துப் போட்ட காகிதங்களைச் சரியாகப் படிக்கவில்லை. டைட்டில் இன்ஷூரன்ஸ் (வீட்டு உரிமையில் வில்லங்கம் வந்தால் ஈடுகட்டும் காப்பீடு) நிறுவனம் தந்த அறிக்கையில், காப்பீட்டில் சேராதவை என்ற பட்டியலில் ஒன்பதாவது வரியாக, நகராட்சி மாஜிஸ்திரேட்டின் (நகர விதிமீறல் வழக்குகளை விசாரிப்பவர்) உத்தரவு ஒன்று பதிவாகியிருப்பதாக எழுதியிருந்தது. வங்கி தன் பங்குக்கு இணைத்த கூடுதல் ஒப்பந்தத்தில், வீட்டின் மீதுள்ள விதிமீறல்களும் அபராதங்களும் வாங்குபவரின் பொறுப்பு என்று இருந்தது. "இது வழக்கமாக எல்லா வங்கியும் போடுவதுதான்" என்றார் வீட்டு முகவர். சில நூறு டாலர் செலவில் நகராட்சியில் நிலுவைத் தேடல் செய்திருந்தால் அன்றைய பாக்கி எவ்வளவு என்பது தெரிந்திருக்கும். அதற்கும் அவர் தேவையில்லை என்றார். நான் தலையாட்டிவிட்டேன்.

ஜனவரியில் தபால் பெட்டியில் வங்கியின் பெயருக்கு ஒரு கடிதம் கிடந்தது. நாளொன்றுக்கு 250 டாலர் அபராதம், 2021 ஆகஸ்ட் 1 முதல். நாங்கள் சாவி வாங்கிய அன்றே அது 35,250 டாலராகியிருந்தது.

புளோரிடா மாநிலச் சட்டத்தின் 162-ஆம் அத்தியாயம்தான் இதற்கு அடிப்படை. முதல் விதிமீறலுக்கு நாளொன்றுக்கு 250 டாலர் வரை, அதே தவறு மீண்டும் நடந்தால் 500 டாலர் வரை அபராதம் போடலாம். 50,000 பேரோ அதற்கு மேலோ வாழும் நகரங்கள் தனியாக விதி இயற்றிக்கொண்டு முதல் மீறலுக்கே 1,000 டாலர் வரைகூடப் போகலாம். உத்தரவின் நகலைக் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) பதிவு செய்துவிட்டால் அது நிலத்தின் மீது வில்லங்கமாக ஏறிவிடும். உத்தரவு வந்தபோது உரிமையாளராக இருந்தது வங்கி, கட்ட வேண்டியது நான். விசாரணை நடப்பதற்கு முன்பே வீட்டை விற்பவர், வழக்கு இருப்பதை எழுத்தில் தெரிவித்தே ஆக வேண்டும் என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. எங்கள் வீட்டுக்கு விசாரணை முன்பே முடிந்திருந்ததால் அது எனக்கு உதவவில்லை.

அந்த நேரத்தில் புளோரிடாவின் டனீடின் நகரத்துச் செய்தி கண்ணில் பட்டது. 2018-ல் ஒரு முதியவர், காலமான தாயின் வீட்டு விவகாரங்களைப் பார்க்க வெளியூர் போயிருந்தபோது முற்றத்துப் புல் வளர்ந்துவிட்டது. நாளுக்கு 500 டாலர் வீதம் அபராதம் கிட்டத்தட்ட 30,000 டாலரை எட்டியது. 2019-ல் நகராட்சி அவருடைய வீட்டையே ஜப்தி செய்ய முடிவெடுத்தது. அதைப் படித்த இரவு நானும் மனைவியும் தூங்கவில்லை.

அந்தப் பயத்தோடுதான் பொங்கல் விழாவுக்குப் போனோம். அங்கே ஒருவர் அறிமுகமானார். தமிழர், ஐம்பது வயதைத் தாண்டியவர், நிதானமாகப் பேசுபவர். நகராட்சி அபராதங்களைக் குறைப்பதே தன் தொழில் என்று அட்டை கொடுத்தார். "தம்பி, பயப்படாதீர்கள். 2013-லேயே புளோரிடா உச்ச நீதிமன்றம் நகராட்சிக்கு எதிராக, வங்கிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதைக் காட்டினால் அபராதம் மொத்தமாகப் போய்விடும்" என்றார். அவரை அண்ணா என்று கூப்பிடத் தொடங்கினேன்.

அப்படி ஒரு தீர்ப்பு இருப்பது உண்மை. பாம் பே நகரத்துக்கும் வெல்ஸ் ஃபார்கோ வங்கிக்கும் நடந்த வழக்கு அது. முன்பே பதிவான வீட்டுக் கடனைத் தாண்டித் தன் அபராதத்துக்கு முன்னுரிமை கொடுத்துக்கொள்ள நகராட்சிக்கு அதிகாரம் இல்லை என்றது நீதிமன்றம். யாருடைய கடன் முன்னால் நிற்கும் என்பதுதான் அங்கே கேள்வி. எங்கள் வீட்டில் வங்கியே உரிமையாளரான பிறகு வங்கியின் மீதே விழுந்த அபராதம் இருந்தது. அதற்கும் அந்தத் தீர்ப்புக்கும் சம்பந்தமே இல்லை. இந்த வேறுபாடு எனக்குப் பல மாதம் கழித்து, பணம் போன பிறகுதான் புரிந்தது. அரைகுறை உண்மையைச் சொல்லி ஏமாற்றுபவரைப் பிடிப்பது கடினம். தேடிப் பார்த்தால் தீர்ப்பு கிடைக்கிறது, ஆண்டும் சரியாக இருக்கிறது, நாம் நம்பிவிடுகிறோம்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம். செலவுக்கு முன்பணமாக 3,800 டாலர். அபராதத்தில் எவ்வளவு மிச்சப்படுத்தித் தருகிறாரோ அதில் 20 சதவீதம் அவருக்குக் கட்டணம். ஜெயித்தால்தானே கேட்கிறார் என்று அதை நியாயமாகவே நினைத்தேன். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள்: அபராதம் எவ்வளவு ஊதுகிறதோ, மிச்சமும் அவ்வளவு பெரிதாகத் தெரியும். அபராதம் சீக்கிரம் நிற்பதால் அவருக்கு ஒரு காசு லாபமில்லை, நஷ்டம்தான்.

பிப்ரவரி 10-க்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டோம். குளத்தை இறைத்துக் கழுவினோம், வேலியை நிமிர்த்தினோம், உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டோம், புல்லை வெட்டினோம். ஒவ்வொன்றையும் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். நகராட்சிக்குத் தகவல் சொல்லட்டுமா என்று கேட்டபோது அவர் பதறினார். "கூடவே கூடாது தம்பி. நீங்கள் கூப்பிட்டால் ஆய்வாளர் வந்து புதிதாக நாலு குற்றம் கண்டுபிடிப்பார். மேல்முறையீடு போட்டிருக்கிறேன், அது வரும்வரை வாயைத் திறக்காதீர்கள்."

அது முழுப் பொய். மாஜிஸ்திரேட்டின் உத்தரவை எதிர்த்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பது சட்டம். எங்கள் உத்தரவு 2021 ஜூலையில் வந்தது. நான் அவரைச் சந்திப்பதற்குப் பல மாதம் முன்பே அந்தக் கதவு மூடிவிட்டது.

மார்ச், ஏப்ரல், மே என்று போயின. கேட்கும்போதெல்லாம் "அடுத்த மாத விசாரணையில் வருகிறது" என்ற ஒரே பதில். ஜூனில் போன் எடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

ஜூலை 11, திங்கட்கிழமை. விடுப்புப் போட்டுவிட்டு நகராட்சி அலுவலகத்துக்கு நேரில் போனேன். வழக்கு எண்ணைச் சொன்னதும் கவுண்டரில் இருந்த அம்மையார் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். மேல்முறையீடு என்ற இடம் காலி. குறைப்பு மனு என்ற இடம் காலி. ஆய்வுக் கோரிக்கை என்ற இடமும் காலி. கடைசி வரியில் மட்டும் ஒரு எண், அன்றைய தேதி வரை கணக்கிட்ட தொகை. "பிப்ரவரியிலேயே எல்லாம் சரிசெய்துவிட்டோமே" என்றேன். "அது எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே வருத்தத்தோடுதான் கேட்டார்.

மறுநாள் காலை ஆய்வாளர் வந்தார். வேலியின் கதவைத் தள்ளிப் பார்த்தார், தாழ்ப்பாள் தானாக விழுகிறதா என்று இரண்டு முறை திறந்து மூடினார், குளத்தின் அடித்தளம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார், நாலு படம் எடுத்தார். விதிகள் நிறைவேறின என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். வந்து போனது பதினோரு நிமிடம். புதிதாக ஒரு குற்றமும் கண்டுபிடிக்கவில்லை. அன்றோடு அபராதம் நின்றது, 345 நாளுக்கு 86,250 டாலரில்.

வீட்டைச் சரிசெய்த நாளில் எங்கள் நகராட்சிக் கணக்கில் அபராதம் நிற்கவில்லை. ஆய்வாளர் வந்து பார்த்து எழுதிய நாளில்தான் நின்றது. அவரை அழைக்க வேண்டியது வீட்டுக்காரரின் பொறுப்பு. இந்த ஒரு செய்தி தெரியாமல் எத்தனை பேர் மாதக்கணக்கில் பணத்தை இழந்துகொண்டிருக்கிறார்களோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

குறைப்பு மனுவை நானே எழுதினேன். படிவம் இரண்டு பக்கம்தான். சில நகரங்களில் மாஜிஸ்திரேட் முடிவு செய்கிறார், சில இடங்களில் நகர மன்றமே முடிவு செய்கிறது. மீறல் எவ்வளவு தீவிரமானது, சரிசெய்ய என்ன செய்தீர்கள், முன்பு இதுபோல் நடந்திருக்கிறதா என்று சட்டமே சொல்லும் மூன்றையும்தான் எங்களிடமும் கேட்டார்கள். வீட்டை வாங்கிய பத்திரம், பழுது பார்த்த ரசீதுகள், தேதியோடு கூடிய படங்கள், மீறல்கள் அனைத்தும் நாங்கள் வாங்குவதற்கு முந்தையவை என்று ஒரு பக்க விளக்கம். இவ்வளவுதான் இணைத்தேன். ஆகஸ்ட் கடைசியில் விசாரணை. மாஜிஸ்திரேட் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிப்ரவரியிலேயே ஏன் நகராட்சியை அழைக்கவில்லை என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அந்த நாட்களைத் தனியாகக் கழிக்க மறுத்துவிட்டார். மொத்தத் தொகையை 15 சதவீதமாகக் குறைத்தார்: 12,937 டாலர் 50 சென்ட். 30 நாளில் கட்ட வேண்டும், தவறினால் பழைய தொகை முழுவதும் திரும்ப உயிர்பெறும். இருந்த சேமிப்பையும் மனைவியின் நகைக்கென்று ஒதுக்கியிருந்ததையும் சேர்த்து 22-ஆம் நாள் கட்டினோம்.

பிப்ரவரி 10 அன்றே ஆய்வாளரை அழைத்திருந்தால் மொத்தம் 48,250 டாலர்தான். அதே 15 சதவீதம் என்றால் 7,237 டாலர் 50 சென்ட். இடையில் இருக்கும் 5,700 டாலரும், முன்பணம் 3,800 டாலரும் அந்த மனிதரால் போனவை.

கொடுமை அதோடு முடியவில்லை. செப்டம்பர் கடைசியில் அவரிடமிருந்து ஒரு பில் வந்தது: 14,662 டாலர் 50 சென்ட். மிச்சமான 73,312 டாலர் 50 சென்ட்டில் 20 சதவீதமாம். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்தில் யார் மூலம் குறைப்புக் கிடைத்தாலும் கட்டணம் உண்டு என்று இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. பிப்ரவரியிலேயே முடிந்திருந்தால் அவருடைய கணக்குப்படி 8,202 டாலர் 50 சென்ட்தான் கேட்டிருக்க முடியும். என் வீட்டு அபராதம் ஓடிய ஒவ்வொரு நாளும் அவருக்குக் கூலி ஏறியிருக்கிறது. ஒரு வழக்கறிஞரிடம் சொல்லி, மேல்முறையீடு போட்டதாக அவர் அனுப்பிய குறுஞ்செய்திகளை இணைத்துப் பதில் கடிதம் அனுப்பிய பிறகு பில் வருவது நின்றது. முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. புளோரிடாவில் 8,000 டாலர் வரையிலான தொகைக்குச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் நாமே மனு போடலாம். போட்டிருக்கிறேன்.

அபராதத்தைக் கட்டி முடிப்பவர்களுக்கு இன்னொன்று. வில்லங்கம் நீங்கியது என்று நகராட்சி தரும் பத்திரம் கவுண்டியில் பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். எங்களுடையது கையில் கொடுக்கப்பட்டதே தவிர பதிவாகவில்லை. நானே கொண்டுபோய் முதல் பக்கத்துக்கான 10 டாலரைக் கட்டிப் பதிவு செய்தேன்.

அந்த மனிதர் சென்ற தீபாவளி விழாவிலும் அட்டை கொடுத்துக்கொண்டிருந்ததாக ஒரு நண்பர் சொன்னார். அவரிடமோ அவரைப் போன்ற வேறொருவரிடமோ நீங்கள் பணம் கொடுத்திருந்தால், அவரிடம் விளக்கம் கேட்பதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நகராட்சிக்குப் போன் செய்து வழக்கு எண்ணைச் சொல்லி, ஆய்வுக் கோரிக்கை பதிவாகியிருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இல்லையென்றால் அதே அழைப்பிலேயே கோரிக்கையைக் கொடுத்து, தேதியையும் பேசியவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.