பேக்கப்பைப் புது கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதாகச் சொல்லி 11,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள் – கணக்கு எழுதுபவர்கள் கவனம்

11,500 ரூபாய். என்னுடைய எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருந்த ஃபைல்களை என்னிடமே விற்று வாங்கிய காசு. நேற்று சாயந்தரம்தான் விஷயம் தெரிந்தது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

திருப்பூரில் சின்னச் சின்ன பனியன் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன். இடி இடித்த ஒரு ராத்திரியில் பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தே போய்விட்டன. விண்டோஸ் 10-லேயே இருக்கும் சிஸ்டம் இமேஜ் (விண்டோஸ், புரோகிராம்கள், ஃபைல்கள் எல்லாவற்றையும் அப்படியே நகல் எடுப்பது) வசதியில் வாராவாரம் பேக்கப் எடுத்துவைத்திருந்ததால் பெரிதாகப் பதறவில்லை. 12-ஆம் தலைமுறை ஐ3 போட்ட சிபியு ஒன்று வாங்கினேன். பேக்கப்பை அதில் ஏற்றித் தரச் சொல்லி ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப்போனேன்.

கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்கை மாட்டிப் பார்த்தார். இமேஜ் ஃபோல்டரைக் கண்டதும், "சூப்பருங்க்கா, இமேஜே வெச்சிருக்கீங்க. அப்படியே இறக்கிடலாம். டெஸ்க்டாப்புல இருக்கற முருகர் படங்கூட மாறாதுங்க" என்றார். அந்த முருகர் படம்தான் என்னை நம்ப வைத்தது. இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறவருக்குத் தொழில் தெரியாமலா இருக்கும்? 3,500 அட்வான்ஸ். பில் கேட்டதற்கு, "வேலை முடியட்டுங்க்கா, மொத்தமா போட்டுக்கலாம்."

அப்புறம் ஆரம்பித்தது. இன்றைக்குப் பையன் லீவு, நாளைக்குக் கரண்ட் இல்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. கடைசியில் நேரில் போய் நின்றேன். "உங்க பேக்கப்பே கரப்ட்டுங்க்கா. டேட்டா ரெக்கவரிக்கு சென்னைக்கு அனுப்போணும், 8,000 ஆகும்" என்றார். 20-ஆம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்கிற மாத ரிட்டனைப் போடாவிட்டால் ஒவ்வொரு கம்பெனிக்கும் நாளொன்றுக்கு 50 ரூபாய் லேட் ஃபீ. கொடுத்தேன். ஆக 11,500.

வந்தது என்ன தெரியுமா? புதிதாக விண்டோஸ் போட்ட சிபியு, ஒரு பென் டிரைவில் என் ஃபோல்டர்கள். கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரைத் திறந்தால் எஜுகேஷனல் மோடு, அதாவது லைசென்ஸ் இல்லாத பயிற்சி நிலை. 1, 2, 31 தேதிகளைத் தவிர வேறு தேதியில் வவுச்சர் போட முடியாது. லைசென்ஸ் பழைய மெஷினோடு கட்டுப்பட்டது, புதிதில் திரும்ப ஆக்டிவேட் செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "கிராக் போட்டுத் தரட்டுங்களா?" என்று கேட்கிறார். அடுத்தவர் கணக்கை வைத்திருக்கிற கம்ப்யூட்டரில் லைசென்ஸை உடைக்கும் திருட்டு கிராக்!

நேற்று அண்ணன் பையன் வந்து அந்த "கரப்ட்" பேக்கப்பை எடுத்தான். முதலில் அவனும் ரெஸ்டோர் போட்டுப் பார்த்தான். இமேஜ் பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் பழைய முறை) கம்ப்யூட்டரில் எடுத்தது, இது இஎஃப்ஐ (புதிய முறை) கம்ப்யூட்டர், இதில் ஏற்ற முடியாது என்று விண்டோஸே பளிச்சென்று எழுதிக் காட்டியது. கடைக்காரரும் இதைத்தான் பார்த்திருப்பார். ஏற முடியாததற்கும் கெட்டுப்போனதற்கும் வித்தியாசம் தெரியாதவரா அவர்? அடுத்து விண்டோஸ் இமேஜ் பேக்கப் ஃபோல்டருக்குள் போய், விஹெச்டிஎக்ஸ் என்று முடிகிற, ஒரு டிரைவ் முழுவதும் அடங்கிய பெரிய ஃபைலை இரண்டு தடவை தட்டினான். டிரைவ் எழுத்து வரவில்லை. விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஓர் எழுத்தைக் கொடுத்ததும் என் பழைய டி டிரைவ் முழுசாகத் திறந்தது. எல்லா கம்பெனியும், எல்லா வருஷமும், முருகர் படமும். சென்னையாவது, ரெக்கவரியாவது!

கடைக்கு ஃபோன் போட்டேன். "லேபர் சார்ஜுங்க்கா அது" என்று சொல்லி வைத்துவிட்டார். அதோடு என் நம்பரை பிளாக் செய்தாயிற்று. பில் இல்லை; ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். 11,500-இல் ஒரு ரூபாயாவது திரும்புகிறதா பார்க்கலாம்.

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை, ரிட்டன் வேலை கிடக்கிறது. பேக்கப் கரப்ட் என்று யார் சொன்னாலும் திரையில் வந்த செய்தியைக் காட்டச் சொல்லுங்கள், ஃபோட்டோ எடுங்கள். அந்த விஹெச்டிஎக்ஸ் ஃபைலைத் திறந்து பார்க்காமல் ரெக்கவரிக்குக் காசு கொடுக்காதீர்கள். பழைய டிஸ்க் 1 டிபி என்றால் 500 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் அந்த இமேஜை ஏற்றாது, அதையும் முதலிலேயே கேளுங்கள். டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீயை இன்றைக்கே எழுதி வையுங்கள். டேலி டேட்டா ஃபோல்டரைத் தனியாக இன்னொரு இடத்திலும் காப்பி போடுங்கள். பில் இல்லாமல் அட்வான்ஸ் கிடையாது.