கப்பன் பார்க்கும் எங்க வீட்டு ரெண்டு வாண்டுகளும்

லீவுக்கு பெங்களூர் வர்ற நம்மாளுங்க குழந்தைங்கள மால்ல இருக்கிற ப்ளே ஏரியாவுக்கே கூட்டிட்டு போய் மணிக்கணக்குல காச கரைக்கிறாங்க, ஏன்னு எனக்கு புரியவே இல்ல, ஊர் நடுவுல 300 ஏக்கர் கப்பன் பார்க் இருக்கு, உள்ள போக டிக்கெட்டும் கிடையாது. எங்களுக்கு பெர்லின்ல பார்க்குக்கு பஞ்சமில்ல, ஆனா இந்த மாதிரி பாறையும் மூங்கில் புதரும் அங்க ஏது.

போறதுன்னா ஞாயித்துக்கிழமை காலைல போங்க. அன்னைக்கு பார்க்குக்குள்ள ஓடுற ரோட்ல வண்டி விடமாட்டாங்க, அதனால நாலு வயசு பையன் கைய உதறிட்டு ஓடுனாலும் பின்னாடியே பதறிட்டு ஓட வேணாம். சைக்கிள், ஸ்கேட்டிங், நாய் கூட்டிட்டு வர்றவங்கன்னு கூட்டம் இருக்கும்தான், ஆனா இடம் பெருசு.

அல்சூர்ல அத்தை வீட்ல தங்கியிருந்தோம். மெட்ரோல ஏறுனா மூணாவது ஸ்டேஷனே கப்பன் பார்க், திரும்பி வரவும் அதுதான் வசதி. முத தடவ ஆப்ல கேப் போட்டோம், சைல்ட் சீட் இருக்கான்னு கேட்டா டிரைவர் சிரிச்சுட்டு "மடில வெச்சுக்கோங்க மேடம், நான் மெதுவா போறேன்"னார், மெதுவாவும் போகல. ஸ்ட்ரோலர வீட்லயே வெச்சுட்டு போங்க, ஸ்டேஷன்ல இருந்து வெளிய வந்ததுமே ஏன்னு தெரியும். அத்தை எங்க சின்னவள இடுப்புல வெச்சுகிட்டு என்னை விட வேகமா நடந்தாங்க.

உள்ள போனதும் பசங்க நேரா பாறைக்குத்தான் போனாங்க. பெரிய பெரிய பாறைங்க அங்கங்க கிடக்கு, ஒண்ணுல வருஷக்கணக்கா பசங்க சறுக்கி சறுக்கி நடுவுல மட்டும் வழவழன்னு பளபளக்குது, எங்க பையன் அதுல ஏறி இறங்கி ஏறி இறங்கி பேண்ட் பின்பக்கம் பூரா செம்மண். மூங்கில் பக்கம் காத்தடிச்சா கிரீச் கிரீச்னு சத்தம் வரும், சின்னவ ஒவ்வொரு தடவையும் "யாரு?"ன்னு கேட்டா. கீழ விழுந்து கிடந்த மூங்கில் மட்டைய பொறுக்கி அத்தை ஹேண்ட்பேக்ல திணிச்சா, அவங்களும் வாங்கி வெச்சுகிட்டாங்க பாவம்.

செவப்பு கலர்ல இருக்கே லைப்ரரி, அது சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம். பாலக்காட்டுக்காரர், 1883ல இருந்து 1901 வரைக்கும் மைசூர் திவானா இருந்தவர். அத்தை ஆர்வமா கதை ஆரம்பிச்சாங்க, பசங்க அணில் பின்னாடி போயிட்டாங்க.

பார்க்குக்குள்ளயே பசங்களுக்குன்னு இருக்கிற பால பவன்ல குட்டி ரயில் இருக்கு, புட்டாணி எக்ஸ்பிரஸ். ஓடுதான்னு கேட்டுட்டு கியூல நில்லுங்க, திங்கட்கிழமை பால பவன் லீவு.

சாப்பாடு பத்தி கவலையே வேணாம். கேட்டுக்கு வெளிய சுருமுரி, அதான் மசாலா பொரி மாதிரி, விக்கிற வண்டிக்காரர் நாங்க பேசுறத கேட்டுட்டு தமிழ்லயே "பாப்பாவுக்கு காரம் வேணாம்ல கண்ணு?"ன்னு கேட்டு பொரில கேரட் மட்டும் துருவிப் போட்டு பேப்பர் கோன்ல குடுத்தார், வீட்ல ஒரு வாய் சாப்பிட அடம் பிடிக்கிறவ முழுசும் காலி பண்ணா.

வெளிய சுத்துறப்ப கஷ்டம்னா அது பாத்ரூம்தான். வழில ஒரு கட்டணக் கழிப்பறைல அஞ்சு ரூபா கேட்டாங்க, எங்கிட்ட ஐநூறு ரூபா நோட்டு, அவர் சில்லறை இல்ல ஸ்கேன் பண்ணுங்கன்றார், எங்க ஃபோன்ல யூபிஐ கிடையாது, பையன் ஒத்தக் கால்ல குதிக்கிறான். கடைசில பின்னாடி நின்ன ஒரு அக்கா ஸ்கேன் பண்ணி விட்டாங்க, காசு குடுத்தா வாங்கல. சில்லறை, டிஷ்யூ, மாத்து டிரஸ், மூணும் கைல இருக்கணும். இன்னொண்ணு, வீட்டுப் பக்கத்துல இருக்கிற சின்ன பார்க்க நம்பி பசங்களுக்கு ப்ராமிஸ் பண்ணாதீங்க, நாங்க போனது மத்தியானம் பூட்டிக் கிடந்துச்சு, கேட் வழியா ஊஞ்சல பார்த்துட்டு ரெண்டும் ஒரே அழுகை.

மழை வந்துட்டா கஸ்தூர்பா ரோட்ல விஸ்வேஸ்வரய்யா மியூசியம் பக்கம்தான், அதுக்கு டிக்கெட் உண்டு. அங்க ஆடி அசைஞ்சு உறுமுற டைனோசர் ஒண்ணு இருக்கு, எங்க பையன் அத விட்டு நகரவே இல்ல, சின்னவ அத்தை புடவைக்குள்ள முகத்த பொதச்சுகிட்டா. பயப்படுற குழந்தைன்னா அத கடைசியா காட்டுங்க.